முப்பது பேர் என்று எழுதிக்கொள்ளுங்கள்

செண்பகத்தோப்பில் வனத்துறையின் கேட்டைத் தாண்டி மூன்று கிலோமீட்டர் உள்ளே, ஓடைக்கரையில் எங்கள் குலசாமி இருக்கிறது. என் கணவர் வீட்டாரின் சாமி. நான் கல்யாணமாகி ராஜபாளையத்துக்கு வந்த புதிதில் அங்கே கேட் இருந்ததாக நினைவில்லை. மாந்தோப்புக்குள் புகுந்து ஓடையை ஒட்டியே நடப்போம். பெரிய நாவல் மரத்துக்குக் கீழே ஓடையைத் தாண்டினால் கோயில். இப்போது அது புலிகள் காப்பகம். முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். வேன்களைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து போய், மாலை நான்கு மணிக்குள் திரும்பிவிட வேண்டும். கோயில் அடுப்பைத் தவிர வேறு எங்கும் தீ மூட்ட மாட்டோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

போன வருடம் என் மகள் டெங்குக் காய்ச்சலில் மதுரை ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தாள். ஏழாவது நாள் அவளுக்கு ரத்தத் தட்டணுக்கள் மிகவும் இறங்கிவிட்டன. அன்று நான் வேண்டிக்கொண்டேன்: பிள்ளை எழுந்து நடந்தால் அவளே நடந்து வந்து, தன் கையால் உன் பானையில் அரிசி போடுவாள். எழுந்து நடந்தாள். கிருஷ்ணன்கோவிலில் இரண்டாம் வருடம் இன்ஜினியரிங் படிக்கிறாள். வேண்டுதலை முடிக்க இந்த ஐப்பசியில்தான் நாள் கூடியது. ஆனால் அன்று காலை அவளுக்குக் கல்லூரியில் ஒரு பரீட்சை. பங்காளிகள் எல்லோருக்கும் ஒத்து வந்த ஒரே சனிக்கிழமை அது, மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். என் கணவருக்கு ஓசூரில் வேலை, லீவு கிடைக்கவில்லை.

காலை ஒன்பது மணிக்கு இரண்டு வேன்களில் கேட்டுக்கு வந்து சேர்ந்தோம். குறுக்கே சிவப்பும் வெள்ளையுமாக வண்ணமடித்த இரும்புக் குழாய், ஒரு முனையில் கட்டிய கல். பக்கத்தில் ஓர் அறை, ஒரு மேசை, பதிவேடு. எத்தனை பேர் உள்ளே போனார்கள், எத்தனை பேர் வெளியே வந்தார்கள் என்று இரண்டு கட்டங்கள். அங்கிருந்த காவலர் முப்பது வயதுக்குள் இருப்பார். பிளாஸ்டிக் பைகளை வாங்கி வைத்துக்கொண்டு, விரலால் எங்களைச் சுட்டி "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணத் தொடங்கினார். என் கணவரின் அக்கா, நான் மதினி என்று கூப்பிடுகிறவர், முன்னால் போய் நின்றுகொண்டார்.

"விரல நீட்டி எண்ணாதீக தம்பி. சாமிக்குப் போற ஆள எண்ணக் கூடாது, எண்ணுனா ஒண்ணு கொறயும்."

"எண்ணாம எப்படிக்கா எழுதுறது?"

"லெட்டர்ல எம்புட்டுன்னு போட்டிருக்கு?"

"முப்பது."

"அப்ப முப்பதுன்னே எழுதிக்கோங்க. கூடக் கொறய இருந்தா சாமி பாத்துக்கும்."

"ரேஞ்சர் வந்து கேட்டா சாமியவா கைகாட்டுறது?" என்று சிரித்தார். ஆனாலும் முப்பது என்று எழுதினார்.

எங்கள் வகையறாவில் அப்படித்தான். ஒவ்வொருவரும் தன் வீட்டிலிருந்து தன் கையால் ஒரு பிடி பச்சரிசி முடிந்து கொண்டுவந்து பானையில் போட வேண்டும். எத்தனை பேர் வந்தார்கள் என்பது பானைக்குத் தெரியும், மனிதர்கள் எண்ணினால் ஒன்று குறையும் என்பார்கள். இடுப்புக் குழந்தைக்கும் சேர்த்து அரிசி உண்டு. நானும் அதை இருபத்திரண்டு வருடமாகக் கேட்டு வருகிறேன். நான் பள்ளிக்கூட ஆசிரியை. பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போனால் பேருந்து நகரும் முன் மூன்று தடவை தலையைத் தொட்டு எண்ணுகிறவள். அன்று நான் மதினிக்குப் பின்னால் நின்றுகொண்டு வாயைத் திறக்கவில்லை.

கேட்டைத் தாண்டினால் டவர் கிடையாது. அதனால் உள்ளே போகும் முன் மகளுக்குப் போன் செய்தேன். பரீட்சைக்குப் போகிற அவசரத்தில் இருந்தாள்.

"பன்னெண்டுக்கு முன்னாடி முடிஞ்சிரும்ல? உடனே பஸ் ஏறி மடவார் வளாகத்துல எறங்கி ஆட்டோ பிடி. அரிசி வச்சிருக்கியா?"

"பையில இருக்கு. கேட்ல விடலைன்னா என்னம்மா பண்றது?"

"நம்ம பேரச் சொல்லு. விடலைன்னா தோப்பு வழியா வந்துரு. ஓடைய ஒட்டியே வா, பெரிய நாவ மரத்துக்கிட்டத் தாண்டு. சின்னப் பிள்ளையில வந்திருக்கேல்ல."

"அது அலவ்டாம்மா?"

"நம்ம சாமிக்கு நாம போறதுக்கு யாரு என்ன சொல்றது?"

இந்தக் கடைசி வாக்கியத்தை அதற்குப் பிறகு எத்தனை தடவை எனக்குள் சொல்லிப் பார்த்திருப்பேன் என்று தெரியவில்லை. சொல்லும்போது என் குரலில் ஒரு பெருமை இருந்தது.

உள்ளே பானை வைத்தோம். பன்னிரண்டு ஆனது, ஒன்று ஆனது. அவள் வரவில்லை. இரண்டு மணிவரை பானையை இறக்க விடாமல் வைத்திருந்தேன். மதினி, "கேட்ல திருப்பி அனுப்பியிருப்பான். அவ உன்ன மாதிரி இல்ல, சொன்ன பேச்சு கேக்கிற பிள்ள. நேரா வீட்டுக்குப் போயிருப்பா" என்றார். அலவ்டா என்று கேட்டவள் தோப்பு வழிக்குத் துணிய மாட்டாள் என்று நானும் அதையே நம்பினேன். அவள் பங்கு அரிசி போடாமலே பொங்கலை இறக்கினோம். எனக்கு அப்போது வந்தது வருத்தம்கூட இல்லை, கோபம். ஒரு பரீட்சைக்காக வேண்டுதல் போயிற்றே என்று அந்தக் கல்லூரியின் மேல் கோபம்.

இரண்டரை மணிக்கு மலை உச்சியில் கறுத்தது. எங்கள்மேல் தூறல்தான். மேலே கொட்டியிருக்க வேண்டும், ஓடை நிறம் மாறியது. மூன்றேகாலுக்கு வனத்துறை வாட்சர் ஒருவர் குடை பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். காடு தெரிந்த, ஐம்பது வயது மனிதர். "தண்ணி வருது, எல்லாரும் உடனே வெளிய வாங்க" என்று அவசரப்படுத்தினார். பாத்திரங்களைப் பாதி கழுவியும் கழுவாமலும் தூக்கிக்கொண்டு வெளியேறினோம்.

கேட்டில் அதே காவலர். நல்ல மழை பிடித்துக்கொண்டது. அவர் அறை வாசலில் நின்றபடி, "எத்தன பேரு?" என்றார். மதினி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, "முப்பது போனோம், முப்பது வந்துட்டோம்" என்றார். அவர் பதிவேட்டில் இரண்டாவது கட்டத்திலும் முப்பது எழுதி, கீழே கோடு போட்டு, குழாயை இறக்கினார்.

வேனில் ஏறும்போது என் போனுக்கு உயிர் வந்தது. மகளின் செய்தி ஒன்றே ஒன்று. பன்னிரண்டு ஐம்பதுக்கு அனுப்பியிருந்தாள்: "கேட்ல விடல மா. நீ சொன்ன மாதிரி தோப்பு வழியா வரேன்."

அதைப் படித்தபோது மணி நான்கு இருபது. மதினியிடம் காட்டினேன். அவள் எண்ணை அழைத்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. பக்கத்து வீட்டம்மாவை அழைத்தேன், கதவு பூட்டியிருக்கிறது என்றார். மகளின் கல்லூரித் தோழியை அழைத்தேன், அவள் பன்னிரண்டுக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டாள் என்றாள்.

காவலரிடம் போய், "மத்தியானம் ஒரு பொண்ணு வந்துச்சா?" என்று கேட்டேன்.

"வந்துச்சு. தனியா விடக் கூடாதுன்னு திருப்பி அனுப்பிட்டேன். தோப்புப் பக்கம் நடந்துச்சு, அங்கன ஆட்டோ நிக்கும், அதுக்குத்தான் போகுதுன்னு இருந்துட்டேன். ஏன்க்கா?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். மதினி என் மணிக்கட்டைப் பிடித்து வேனுக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

"ஏட்டி, என்ன சொல்லப் போற? நான்தான் திருட்டு வழியில வரச் சொன்னேன்னா? அந்தப் போர்டப் படிச்சியா?"

படித்திருந்தேன். அனுமதியின்றி நுழைவது குற்றம், சிறைத் தண்டனை என்று மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து.

"பொண்ணு மேல கேஸ் எழுதுனா காலேஜ்ல என்ன சொல்லுவாக? நாளைக்கு வேலைக்குப் போகையில போலீஸ் விசாரண வராதா? இனிமே நம்ம வகையறாவ இந்தக் கேட்டுக்குள்ள விடுவாகளா? செத்த நேரம் பொறு. உன் கொழுந்தன் போய்ப் பாத்துட்டு வரட்டும். தோப்புலதான் எங்கயாச்சும் மழைக்கு ஒதுங்கியிருப்பா."

என் கொழுந்தன் யாரிடமோ பைக் வாங்கிக்கொண்டு தோப்புப் பாதையில் போனார். நான் வேனுக்குப் பின்னால் நின்றேன். மழை சட்டென்று நின்றது. வேனுக்குள் பிள்ளைகள் பொங்கலுக்குச் சண்டை போட்டார்கள். பத்தடி தூரத்தில் அந்தக் காவலர் ஸ்டூலில் உட்கார்ந்து பூட்ஸுக்குள் புகுந்த தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தார். அவர் இடுப்பில் வாக்கி டாக்கி இருந்தது. பத்தடி. நான் நடக்கவில்லை. மதினி பிடித்திருந்ததால் என்று சொல்லலாம். அவர் எப்போதோ கையை விட்டுவிட்டார்.

கொழுந்தன் திரும்பி வந்தார். "தோப்பு பூட்டிக் கெடக்கு. காவக்காரர் நாலு மணிக்கே சோலார் வேலிய ஆன் பண்ணிட்டுப் போயிட்டாராம். ரெண்டு பக்கமும் கூப்புட்டுப் பாத்தேன். சத்தமில்ல."

அதன்பின் நடந்ததில் எனக்குத் தெளிவாக இருப்பது, இரும்புக் குழாயின் கீழே குனிந்து போனபோது கூந்தல் அதில் சிக்கியதுதான். பிய்த்துக்கொண்டு ஓடினேன். காவலர் பின்னால் வந்து என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"என்னம்மா பண்றீக? உள்ள போகக் கூடாது."

"என் பிள்ள உள்ள இருக்கா."

"யாரும் இல்லம்மா. முப்பது போனீக, முப்பது வந்துட்டீக. கணக்கு சரியா இருக்கு, வாங்க காட்டுறேன்."

"அந்தக் கணக்குல அவ இல்ல. தோப்பு வழியா வந்தா. நான்தான் வரச் சொன்னேன்."

அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். "எப்பங்க?" என்றார். சொன்னேன். "அப்பயே தெரியுமா உங்களுக்கு?" "இப்பத்தான்" என்றேன். வாக்கி டாக்கியில் பேசினார். எங்களை வெளியே கூட்டிவந்த வாட்சரும் இன்னொருவரும் வந்தார்கள். எந்த வழி சொன்னீர்கள் என்று வாட்சர் என்னிடம் கேட்டார். நாவல் மரம் என்றேன்.

"அந்தப் பாதையில ஆள் நடந்து பத்து வருசமாச்சு தாயி. உண்ணிச்செடி மூடிக் கெடக்கு. நாவ மரமும் சாஞ்சிருச்சு."

என் தலைக்குள் இருந்த பாதையை அவளுக்குக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். தரையில் அது இல்லை.

என்னையும் கூட்டிப் போனார்கள். நாவல் மரம் இருந்த இடம் எங்கே என்று காட்ட ஆள் வேண்டுமென்று சொன்னார்கள், தனியே விட்டால் ஓடிவிடுவேன் என்று பயந்திருக்கலாம். நடக்கத் தொடங்கியதும் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். வாட்சர் திரும்பி உதட்டில் விரல் வைத்தார்.

"கத்தாதீக. காலையில இந்தப் பக்கம் யானை நின்னுச்சு. குட்டியோட."

அதற்குப் பிறகு நான் வாயில் முந்தானையை வைத்துக் கடித்துக்கொண்டு நடந்தேன். பிள்ளையைத் தேடிப் போகிறேன், பெயரைச் சொல்லக் கூடாது. அவர்கள் கம்பால் மரத்தில் தட்டித் தட்டிப் போனார்கள். ஒவ்வொரு தட்டலுக்குப் பிறகும் நின்று கேட்டார்கள். தண்ணீர்ச் சத்தம் மட்டும் வந்தது. ஓரிடத்தில் புதிய யானை லத்தி, மழையில் பாதி கரைந்து கிடந்தது. அதன் மேல் செருப்புத் தடம் இருக்கிறதா என்று பார்த்தேன். எதற்குப் பார்த்தேன், இருந்தால் நல்லதா கெட்டதா, தெரியவில்லை. ஆஸ்பத்திரியின் ஏழாவது நாள்கூட என் கையைப் பிடித்துக்கொள்ள அவள் கை இருந்தது.

ஐந்தேகால் மணிக்கு, ஓடையின் அந்தக் கரையில், ஒரு பாறைமேல் அவளைப் பார்த்தோம்.

குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். பை மடியில் இருந்தது. எங்களுக்கும் அவளுக்கும் நடுவில் சிவந்த தண்ணீர், ஒரு லாரி நீளத்துக்கு. அதில் மரக்கிளைகள் போயின. அவளுக்குப் பின்னால் இருபதடியில் தோப்பின் கம்பி வேலி. என்னைப் பார்த்ததும் எழுந்து தண்ணீரை நோக்கி ஓர் அடி வைத்தாள். நான் இரண்டு கைகளையும் விரித்து, உட்கார், உட்கார் என்று காட்டினேன். அவள் ஏதோ கத்தினாள், கேட்கவில்லை. பிறகு கையால் சொன்னாள். போனைக் காட்டித் தண்ணீரைக் காட்டினாள். வேலியைக் காட்டி, தன் கையை உதறிக் காட்டினாள்.

வாட்சருக்கு உடனே புரிந்தது. "வழி தெரியாம சுத்தியிருக்கும். தண்ணி வந்தப்புறம் தாண்டப் பாத்திருக்கு, முடியல. திரும்பிப் போகலாம்னா வேலியில கரண்டு. தொட்டுப் பாத்திருக்கு." காவலர் வாக்கி டாக்கியில் தோப்புக்காரரைக் கண்டுபிடிக்கச் சொன்னார். அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏதோ விசேஷ வீட்டில் இருந்தார். சாவி அவரிடம். ஆள் போய் வேலியை நிறுத்தி, அந்தப் பக்கமாக வந்து அவளைப் பிடிக்க வேண்டும். அதுவரை ஒன்றும் செய்வதற்கில்லை.

முக்கால் மணி நேரம் நாங்கள் இப்படி எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அவள் அந்தக் கரையில், நான் இந்தக் கரையில். தண்ணீர் பாறையின் அடியில் ஒரு வெள்ளைக் கோட்டைத் தொட்டுவிட்டுத் தொட்டுவிட்டுப் போனது. அந்தக் கோட்டிலிருந்து நான் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் அது ஏறிவிடும் என்று இருந்தது. ஒரு சமயம் அவள் பையிலிருந்து எதையோ எடுத்து வாயில் போட்டு மென்றாள். வெளிச்சம் குறையத் தொடங்கியபோது வேலிக்குப் பின்னால் இரண்டு டார்ச் அசைந்தன. முதலில் அவள் திரும்பவில்லை, நான் கையை நீட்டிக் காட்டியும் திரும்பவில்லை. ஒருவர் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் பார்த்தாள்.

கேட்டில் அவளைக் கையில் வாங்கினேன். உடம்பு ஐஸாக இருந்தது. பையில் அந்த அரிசி முடிச்சு நனைந்து ஊதிப்போய், பாதி காலியாக இருந்தது. மதினி அதைப் பார்த்து, "சாமி அரிசியாட்டி தின்ன?" என்றார்.

"பசிச்சுச்சு அத்த" என்றாள்.

மதினி தன் தலையில் அடித்துக்கொண்டு அவளைக் கட்டிக்கொண்டார்.

காவலர் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். "எல்லாரையும் வேன விட்டு எறக்குங்க. நான் எண்ணணும்." யாரும் தடுக்கவில்லை. மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் ஒவ்வொருவராக விரல் நீட்டி எண்ணினார். முப்பத்து மூன்று. என் மகளோடு முப்பத்து நான்கு. இன்னும் மூன்று பேர் காட்டில் நின்றிருந்தாலும் அந்த நோட்டில் முப்பதுதான் இருந்திருக்கும்.

"எண்ணுனா கொறயும்னீக. எண்ணாமலும் கொறயுதேக்கா" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அவர் வேலையும் அந்தக் கட்டத்தில்தான் இருந்தது.

ஒரு விளக்கக் கடிதம் எழுதித் தரச் சொன்னார்கள். நான் எழுதினேன். வரச் சொன்னது நான் என்று எழுதப் போனபோது அவர் பேனாவின்மேல் கை வைத்தார். "டீச்சர்ங்கிறீக. அப்படி எழுதாதீக, உங்களுக்கும் வம்பு, எனக்கும் வம்பு. பிள்ள வழி தவறிப் போயிருச்சுன்னு எழுதுங்க." வழி தவறி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவளுக்கு இரண்டு நாள் காய்ச்சல் இருந்தது. காய்ச்சல் என்ற வார்த்தைக்கே நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். இப்போது கல்லூரிப் பேருந்தில் ஏறியதும் ஒரு செய்தி, இறங்கியதும் ஒரு செய்தி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அனுப்புகிறாள். ஐந்து நிமிடம் தாமதமானாலும் அழைக்கிறேன். "பஸ்லதான்மா இருக்கேன்" என்று தோழிகளுக்குக் கேட்காமல் மெதுவாகச் சொல்கிறாள்.

தண்ணீரில் விழுந்த போனை ராஜபாளையத்தில் ஒரு கடையில் கொடுத்தோம். எட்டு நாள் கழித்துச் சரியாகி வந்தது. சாயங்காலம் அதைச் சார்ஜில் போட்டு ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

"அம்மா, என் மெசேஜ நீ நாலு இருவதுக்குப் பாத்திருக்க."

"ஆமா. அப்பத்தான் டவர் வந்துச்சு."

"வாட்சர் கெளம்புறப்போ மணி அஞ்சாகப் போகுதுன்னு சித்தப்பா சொன்னாரு."

நான் பேனாவை மூடினேன். சித்தப்பா தேடிப் போயிருந்தார் என்று சொல்லியிருக்கலாம். பொய்யில்லை. வழி தவறி என்று எழுதியதைப் போல இதுவும் ஒரு பதில்தான்.

"நடுவுல என்னம்மா பண்ணுன?"

"நின்னுக்கிட்டிருந்தேன்" என்றேன். "உம்மேல கேஸ் போட்டுருவாகளோன்னு பயந்துக்கிட்டு வேனுக்குப் பின்னாடி நின்னேன். கேட்டுக்காரர் பக்கத்துலதான் இருந்தாரு. சொல்லல."

அவள் போனைக் கீழே வைத்தாள். பரீட்சைக்குக் கட்டிப் போன கைக்கடிகாரம் இன்னும் அவள் மணிக்கட்டில் இருந்தது.

"நாலரைக்கு நான் மணி பாத்தேன்மா. யாரும் வரலைன்னு அப்பத்தான் ரெண்டாந் தடவ வேலியத் தொட்டேன்."

எழுந்து உள்ளே போனாள். சற்று நேரத்தில் திரும்பி வந்து, என் பக்கத்தில், தோள் படாத தூரத்தில், புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.